மகளுக்குச் சுக்குக் கஷாயம் சரி, உங்களுக்கு முதலில் ஸ்கேன்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். 13 வயதில் பெரியவளானாள். முதல் ஒரு வருடம் எந்தக் கஷ்டமும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் நாள் சுருண்டு படுத்துவிடுகிறாள். அடிவயிறு, இடுப்பு, தொடை எல்லாம் இழுக்கிறது என்கிறாள். சில மாதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டு. இரண்டாம் நாள் சாயங்காலம் எழுந்து நடமாடிவிடுவாள். மாமியார் சுக்கு, ஓமம், கருப்பட்டி போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார், கொஞ்சம் கேட்கிறது. பக்கத்து வீட்டு அக்கா மலைவேம்புச் சாறு கொடு என்கிறார். கழற்சிக்காய்ப் பொடி நல்லது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வீட்டுக்காரர் அசோகப் பட்டை வாங்கி வைத்திருக்கிறார். மெடிக்கலில் மாத்திரை வாங்கலாம் என்றால், கன்னிப் பெண்ணுக்கு அதையெல்லாம் கொடுத்தால் பின்னால் குழந்தை நிற்காது என்று பயமுறுத்துகிறார்கள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? இன்னொன்று. எனக்கு 43 வயது. இரண்டு வருடமாக எனக்கும் வலி வருகிறது, போக்கும் அதிகம். மகளுக்கு வைக்கும் கஷாயத்தையே நானும் குடித்துக்கொள்கிறேன். வயதானால் இப்படித்தானே?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தில் முக்கால்வாசி மகளைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் நாலே வரியில் உங்களைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த நாலு வரிதான். உங்கள் மகளுக்கு வருவதும் உங்களுக்கு வருவதும் ஒரே வலி இல்லை. மகளுடைய வலிக்கு உங்கள் மாமியார் வைக்கும் கஷாயம் பொருத்தமானது. உங்களுக்கு அந்தக் கஷாயம் வலியை லேசாகத் தணித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைத் தள்ளிப்போட வைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன். ஆனால் மகளுக்கு உள்ளதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மூடிவிடாதீர்கள்.

பெரியவளான புதிதில் மாதவிலக்கு வந்தாலும் சினைமுட்டை ஒழுங்காக வெளியாவதில்லை. அது சீராவதற்கு ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். முட்டை வெளியான மாதத்தில் கர்ப்பப்பையின் உட்சுவரில் புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் சேர்கிறது. விலக்கு நாளில் உட்சுவர் உதிரும்போது அது வெளிப்பட்டு, கர்ப்பப்பைத் தசையை ஈரத்துணியைப் பிழிவது போல இறுக்குகிறது. இறுகும்போது அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது, அதுதான் வலி. அந்தப் பொருள் குடலையும் தொட்டால் பேதி. ரத்தத்தில் கலந்தால் குமட்டல், வாந்தி, தலைசுற்றல். இடுப்பும் தொடையும் இழுப்பதும் இதனால்தான். முதல் ஒரு வருடம் வலியில்லாமல் இருந்து பிறகு தொடங்கியது, முதல் நாளில் உச்சமாக இருந்து மறுநாள் சாயங்காலம் தணிவது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. சித்த மருத்துவத்தில் இதைச் சூதக வலி என்போம். கர்ப்பப்பையில் கோளாறு என்று இதற்கு அர்த்தமில்லை. அவளிடமும் இதைச் சொல்லுங்கள். தனக்குள் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அந்த வயதுப் பிள்ளைகள் வெளியே சொல்லாமல் பயந்துகொண்டிருப்பார்கள்.

மாத்திரையைப் பற்றியும் முதலிலேயே பேசிவிடுவோம். நான் சித்த மருத்துவர் என்பதால் மாத்திரை வேண்டாம் என்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த வலிக்குக் கொடுக்கும் மெஃபனாமிக் அமிலம், இபுப்ரொஃபென் போன்றவை அந்தப் புராஸ்டகிளாண்டின் உருவாவதைத்தான் தடுக்கின்றன. மாதம் இரண்டு மூன்று நாள், சாப்பிட்ட பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொண்டால் கர்ப்பப்பை கெடாது. பிற்காலத்தில் குழந்தை நிற்பதற்கும் தடையில்லை. இந்தப் பயத்தால் வலியோடு பரீட்சை எழுதிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு பொறுக்காது. வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட, வலி தொடங்கும்போதே போட்டால் நன்றாகக் கேட்கும். ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் கேட்காமல் போடக் கூடாது. 2023 நவம்பர் கடைசியில் இந்திய பார்மகோபியா ஆணையம் மெஃபனாமிக் அமிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அந்தச் செய்தி உங்கள் ஊர் வரைக்கும் வந்திருக்கலாம். மிக அபூர்வமாகச் சிலருக்கு மருந்து எடுத்த சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறிக்கட்டு என்று கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பதுதான் அதன் சாரம். அப்படி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி அந்த மருந்தைத் தடை செய்யவில்லை. முதல் தடவை ஒரு மருத்துவரிடம் காட்டி, அவள் எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கஷாயத்துக்கு வருவோம்.

உங்கள் மாமியார் கையில் எடுத்திருக்கும் சுக்கு, இந்த வலிக்கு நம்மிடம் இருப்பவற்றில் முதல் வரிசை மருந்து. இஞ்சி, சுக்கு இரண்டிலும் உள்ள காரச்சத்துகள் மாத்திரை செய்யும் அதே வேலையை, அதாவது புராஸ்டகிளாண்டின் உருவாவதைக் குறைக்கும் வேலையை, மென்மையாகச் செய்கின்றன. 2009-ல் ஈரானில் 150 கல்லூரி மாணவிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இஞ்சிப் பொடி 250 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு நாலு வேளை, மற்ற இரண்டு குழுக்களுக்கு மெஃபனாமிக் அமிலமும் இபுப்ரொஃபெனும், மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றும் இல்லாத வெறும் குளிகை கொடுத்த குழு அதில் இல்லை என்பதால் அந்த ஓர் ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. 2016-ல் காக்ரேன் அமைப்பு இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோதும், இஞ்சி உதவுவதாகத் தெரிகிறது, ஆனால் ஆய்வுகள் சிறியவை, தரம் போதாது என்றுதான் சொன்னது. என் நோயாளிகளிடம் நான் காண்பதும் இதை ஒட்டியதுதான்: மிதமான வலிக்குச் சுக்கு மட்டுமே போதும், கடுமையான வலிக்கு மாத்திரையின் தேவையைக் குறைக்கும்.

உங்கள் வீட்டில் கஷாயம் கொஞ்சம்தான் கேட்கிறது என்றால், கொடுக்கும் நேரமும் அளவும் காரணமாக இருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் பிள்ளை வலியில் துடிக்க ஆரம்பித்த பிறகுதான் சுக்கைத் தேடுவார்கள். அதற்குள் புராஸ்டகிளாண்டின் வெளிப்பட்டு வேலையைத் தொடங்கியிருக்கும். மார்பு கனம், இடுப்பு உளைச்சல், முகத்தில் பரு என்று விலக்குக்கு முந்தைய அறிகுறி அவளுக்கே தெரியும். அது தெரிந்த அன்றே, அல்லது எதிர்பார்க்கும் நாளுக்கு முந்தைய நாளே ஆரம்பித்துவிடுங்கள்.

சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று ஒரு சொலவடை இருக்கிறது, உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். சுக்கின் தோலைச் சீவிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். வைத்திய முறையில் சுண்ணாம்பு பூசிக் காயவைத்துத் தோல் நீக்குவோம். வீட்டுக்குக் கத்தியால் சுரண்டி எடுத்தாலே போதும். கடையில் வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். உள்ளே நார் குறைவாக, வெளிர் மஞ்சளாக, உடைத்த கணமே காரம் மூக்கில் ஏற வேண்டும். ஓட்டை விழுந்து மாவு கொட்டினால் பூச்சி அரித்தது, வேண்டாம். இடித்துச் சலித்த பொடி அரை டீஸ்பூன், சுமார் ஒரு கிராம் வரும். ஓமம் கால் டீஸ்பூன். ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, அரை தம்ளராக வற்றும் வரை சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டி, கருப்பட்டி ஒரு சின்னத் துண்டு சேருங்கள். காலையிலும் இரவிலும், சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் கொடுத்தால் நெஞ்செரிச்சல் வரும், ஏற்கெனவே குமட்டலில் இருக்கும் பிள்ளை அப்படியே எடுத்துவிடும். முந்தைய நாள் தொடங்கி மூன்று நாள் போதும். மாதம் முழுக்கக் குடிக்க வேண்டிய அவசியமில்லை.

ஓமம் வாயுவைக் கலைக்கும், வயிற்று இசிவைத் தளர்த்தும். மோரில் கரைக்கும் பெருங்காயமும் அப்படித்தான். கடையில் டப்பாவில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மாவும் பிசினுமாக இருக்கும் என்பதால், மருந்துக்கென்றால் நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் கேட்டு வாங்கி, மிளகளவு நெய்யில் பொரித்துப் போடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறேன்: சதகுப்பை. பிள்ளை பெற்ற வீட்டில் மருந்துப் பொடியில் சேர்ப்பார்களே, அதே விதைதான். தட்டையாக, பழுப்பாக, ஓரத்தில் வெளிறிய விளிம்போடு இருக்கும். சோம்பைவிடக் காரமான வாசம். கடையில் சில நேரம் சோம்பின் சிறு விதையைக் கொடுத்துவிடுவார்கள், அதனால் நாலு விதையைக் கடித்துப் பார்த்து வாங்குங்கள். லேசாக வறுத்துப் பொடித்து, அரை டீஸ்பூன் பொடியைப் பனைவெல்லத்தோடு பிசைந்து காலையும் மாலையும் கொடுங்கள். இதற்கும் ஈரானில் சிறு ஆய்வு நடந்து, வலி குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். கஷாயக் காரம் ஆகாத பிள்ளைகளுக்கு நான் சதகுப்பையைத்தான் முதலில் கொடுக்கிறேன். சதகுப்பையோடு கருஞ்சீரகமும் மரமஞ்சளும் சம எடை சேர்த்த பழைய மருந்துக் கலவை ஒன்று உண்டு, அது விலக்கு தள்ளிப்போவதற்குக் கொடுப்பது. வலிக்கென்று அதை நீங்களாகச் சேர்க்காதீர்கள். விலக்கைத் தூண்டும் மருந்துச் சரக்கு எதையும், கல்யாணமான பெண் நாள் தள்ளிப்போயிருக்கும்போது கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் சாப்பிடவே கூடாது. இது மகளுக்கல்ல, இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கு.

உள்ளுக்குக் கொடுப்பதற்குச் சமமாக வெளிச்சூட்டை நம்புகிறேன். உங்கள் பக்கம் ஆமணக்குச் செடிக்குப் பஞ்சமிருக்காது. அகலமான இலை இரண்டைப் பறித்து, நடு நரம்பைத் தட்டி, விளக்கெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் வாட்டுங்கள். இலை துவண்டு எண்ணெய் மினுங்கும்போது எடுத்து, உங்கள் முழங்கை உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அவள் அடிவயிற்றில் பரப்பி மேலே ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். ஆறியதும் மறுபடியும் வாட்டலாம். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்தும் ஒத்தடம் கொடுக்கலாம். ஆமணக்கு விதை விஷம் என்பதால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காய்களை உள்ளே கொண்டுவராதீர்கள். இலை கிடைக்காவிட்டால் வெந்நீர்ப் பை. 2001-ல் அமெரிக்காவில், சுமார் 39 டிகிரிச் சூட்டை நாள் முழுக்க அடிவயிற்றில் ஒரே சீராகத் தரும் ஒட்டுப் பட்டையைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இபுப்ரொஃபென் மாத்திரை அளவுக்கே வலி தணிந்தது. மாத்திரையும் சூடும் சேர்ந்தபோது நிவாரணம் சீக்கிரம் வந்தது. ஆக, சூடு அதிகமாக இருக்க வேண்டியதில்லை, நீடித்து இருக்க வேண்டும். தோல் சிவக்கும் அளவுக்குச் சுட வைப்பதில் பிரயோஜனம் இல்லை. முதல் நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னால் விட்டுவிடுங்கள், ஆனால் இடுப்புக்கு வெந்நீர் ஊற்றிக் குளிப்பதைத் தடுக்காதீர்கள்.

எள்ளுருண்டை, உளுந்தங்களி, நல்லெண்ணெய் எல்லாம் நல்ல உணவு. மாதம் முழுக்கக் கொடுங்கள். வலி நாளில் திடீரென்று கொடுத்து உடனே கேட்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா என்று கேளுங்கள். குமட்டுகிறது என்று பிள்ளைகள் அதை எறிந்துவிடுவது உண்டு.

இனி, வேண்டாதவை. மலைவேம்பு என்ற பெயரில் நம் ஊரில் இரண்டு மரங்களைச் சொல்கிறார்கள். அதில் ஒன்றின் பழம் நஞ்சு. வாந்தி, பேதியில் தொடங்கி நரம்பு வரை பாதிக்கும். பக்கத்து வீட்டு அக்கா காட்டுவது எந்த மரம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதன் பச்சைச் சாற்றை, அளவும் தெரியாமல், கொடுக்கவே கொடுக்காதீர்கள். கழற்சிப் பருப்பு வீக்கத்துக்கும் கட்டிக்கும் நாங்கள் மிளகு சேர்த்துப் பார்த்துக் கொடுக்கும் மருந்து. சினைப்பையில் நீர்க்கட்டி என்றாலே கழற்சி என்று வீடியோக்களில் ஒரு வழக்கம் பரவிவிட்டது. உங்கள் மகளுக்கு நீர்க்கட்டி இருப்பதாக யாரும் சொல்லவில்லை, மாதாமாதம் விலக்கு வருகிறது. இல்லாத கட்டிக்குக் கசப்பு மருந்து எதற்கு? வேலிப்பருத்தி இலைச்சாறு சூதக வலிக்கு உண்மையிலேயே எங்கள் மருந்துதான், ஆனால் அந்தச் சாறு வாந்தியையும் உண்டாக்கும். ஏற்கெனவே வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

கஷாயம், ஒத்தடம், தேவைப்பட்டால் மாத்திரை என்று மூன்று மாதம் ஒழுங்காகச் செய்யுங்கள். அதற்கும் கேட்காமல் பள்ளிக்குப் போக முடியவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். விலக்குக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வலி தொடங்குவது, மாதத்துக்கு மாதம் கூடுவது, மலம் கழிக்கும்போது உள்ளே குத்துவது, விலக்கு இல்லாத நாளிலும் அடிவயிறு வலிப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே சினைப்பையிலும் குடல் மேலும் வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், கருவுறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இளம் பிள்ளைகளுக்கும் வரும். பெயர் தெரிவதற்கே பல வருடம் ஆகிவிடுகிறது. காரணம் வீட்டிலும் சரி, சில நேரம் மருத்துவர்களிடமும் சரி, “கல்யாணமானால் சரியாகிவிடும்” என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. கல்யாணம் எந்த நோய்க்கும் மருந்து இல்லை. உங்கள் மகளுக்கு இப்போது அந்த அறிகுறி எதுவும் கடிதத்தில் இல்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அசோகப் பட்டையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நகரத்தில் காம்பவுண்டு ஓரமாகத் தூண் போல உயரமாக, அலையலையான ஓரம் கொண்ட இலையோடு நிற்கிறதே, எல்லோரும் அசோக மரம் என்பார்களே, அது நெட்டிலிங்கம். மருந்து அசோகம் வேறு. அது படர்ந்து நிழல் தரும் மரம், தளிர் சிவந்து தொங்கும், பூ ஆரஞ்சுச் சிவப்பில் கொத்துக் கொத்தாகக் கிளையிலேயே பூக்கும். அந்த மரம் காட்டில் அருகிவிட்டது, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அதனால் சந்தையில் அசோகப் பட்டை என்று விற்பதில் நெட்டிலிங்கப் பட்டையும் வேறு பட்டைகளும் நிறையக் கலக்கின்றன. உடைத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உங்களால் நிச்சயமாகப் பிரித்தறிய முடியாது. வீட்டுக்காரர் வாங்கி வந்த பட்டையைக் காய்ச்ச வேண்டாம். அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் காட்டிக் கேளுங்கள். வாங்குவதாக இருந்தால் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி அச்சிட்ட சூரணமாக வாங்குங்கள். பெயரில்லாத பாலிதீன் பொட்டலம் எந்த மூலிகைக்கும் வேண்டாம்.

அசலே கிடைத்தாலும் அசோகம் உங்கள் மகளுக்கான மருந்து இல்லை. அது முக்கியமாகப் பெரும்பாட்டுக்கு, அதாவது அளவுக்கு மீறிய போக்குக்கு. அந்தத் தொல்லை இருப்பது உங்களுக்கு, சகோதரி.

உங்கள் விஷயம் இது. இத்தனை வருடம் இல்லாத வலி 41 வயதில் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. கூடவே போக்கும் அதிகம். இந்த இரண்டும் சேர்ந்தால் வயது என்று விட்டுவிட முடியாது. விலக்கு நிற்கப்போகும் காலத்தில் தேதி முன்பின்னாகும், உண்மைதான். ஆனால் புது வலிக்கும் பெரும்பாட்டுக்கும் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடிய காரணம் ஒன்று இருக்கும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம். உட்சுவர்த் திசு தசைக்குள்ளேயே ஊடுருவிக் கர்ப்பப்பை பருத்துப்போகும் அடினோமயோசிஸ் இருக்கலாம், உங்கள் வயதில் வலியும் போக்கும் சேர்ந்து வர அது ஒரு முக்கியக் காரணம். தைராய்டு குறைந்திருக்கலாம். உட்சுவர் தடித்திருக்கலாம், அப்படி இருந்தால் அது புற்றாக மாறும் வகையா என்று திசு எடுத்துப் பார்க்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் எது என்று சுக்குக் கஷாயமும் சொல்லாது, நாடி பார்த்து நானும் சொல்ல மாட்டேன். ஸ்கேன்தான் சொல்லும்.

சில கேள்விகளுக்கு உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள். ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டியாகப் போகிறதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? நடு ராத்திரி எழுந்து மாற்றுகிறீர்களா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அரிசியை, சாம்பலை, பல்பத்தை வாயில் போட ஆசை வருகிறதா? கடைசி இரண்டுக்கும் ஆம் என்றால் ரத்தசோகை இருக்க வாய்ப்பு அதிகம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிப்பேருக்கு இருப்பதால்தான் அது சோர்வாகத் தெரியாமல், பெண்ணாகப் பிறந்தால் இப்படித்தான் என்று தோன்றிவிடுகிறது.

நீங்கள் போகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்வார்கள் என்ற பயம். உங்கள் வயதுப் பெண்கள் என்னிடம் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது, தேவையில்லாமல் எடுத்தவர்களும் உண்டு. ஆனால் இன்றைக்கு அறுவை சிகிச்சைக்கு முன்னால் வேறு வழிகள் பல இருக்கின்றன. போக்கு நாட்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் பொருத்திப் பல வருடம் போக்கைக் குறைக்கும் ஹார்மோன் சாதனம் என்று. யாராவது எடுத்த எடுப்பில் அறுவை சிகிச்சை என்றால், “இதற்கு முன்னால் என்னென்ன வழி இருக்கிறது டாக்டர்?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவது மருத்துவரிடமும் காட்டலாம். காரணம் தெரிந்த பிறகு, பொருத்தமாக இருந்தால், அசோகம் சேர்ந்த சித்த மருந்தை அந்தச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கலாம். நானே கொடுக்கிறேன். ஆனால் காரணம் தெரிவதற்கு முன்னால் கொடுக்க மாட்டேன், ஏனென்றால் போக்கு கொஞ்சம் குறைந்ததும் நீங்கள் ஸ்கேன் எடுக்கப் போக மாட்டீர்கள்.

கஷாயத்தை நிறுத்த வேண்டுமா என்றால், அரை டீஸ்பூன் சுக்கு உங்களைக் கெடுத்துவிடாது. அதிகமாக்க வேண்டாம். இதயத்துக்கு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் சுக்கை மருந்தளவில் குடிக்காதீர்கள். பிரஷர் இருந்தால் கஷாயத்தில் அதிமதுரம் சேர்க்காதீர்கள், தினமும் குடித்தால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கருப்பட்டியில் இரும்பு இருக்கிறது என்று அதை நம்பி ரத்தசோகையை விட்டுவிடவும் கூடாது. நீங்கள் இழக்கும் அளவுக்கு அது ஈடாகாது, மாத்திரைதான் வேண்டும். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி குடிக்காதீர்கள், இரும்பு உடம்பில் சேராது.

முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஹீமோகுளோபின் அங்கேயே பார்ப்பார்கள், 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் உண்டு, அதையும் செய்துகொள்ளுங்கள். அங்கிருந்து ஸ்கேனுக்கு அரசு மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். இப்போது விலக்கு நாளாக இருந்து, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, தலைசுற்றி நிற்க முடியவில்லை என்றால் எந்தச் சீட்டுக்கும் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

போகும்போது, கடைசி மூன்று மாதம் விலக்கு வந்த தேதி, எத்தனை நாள், முதல் இரண்டு நாளில் எத்தனை நாப்கின் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கஷாயத்தில் என்னென்ன போட்டுக் குடிக்கிறீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் மகளைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள், அன்றைக்கு அந்தச் சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும்.